தெருக் கால்பந்து நடத்துகிறவர் பையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

சென்னையில் வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் கண்ணகி நகரிலும் ஏரியா பசங்களைச் சேர்த்து சாயங்காலம் பந்து ஆட வைக்கிறவர்களுக்குத் தொல்லை ஆட்டத்தால் வருவதில்லை. கிரவுண்டு கேட்டில் ஒன்று, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டு இடத்திலும் எழுத்தில் இருப்பது பசங்களுக்குச் சாதகமானதுதான். மறுப்பு மட்டும் எப்போதும் வாயால் வரும்.

முதலில் கிரவுண்டு. 2024 அக்டோபர் கடைசியில், 9 செயற்கைப் புல் திடல்களைத் தனியாரிடம் விட்டு ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று சென்னை மாநகராட்சி மாமன்றம் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. அந்தச் செய்தி கேட் வாட்ச்மேன் வரை போய்ச் சேர்ந்ததா என்பது வேறு விஷயம். யாராவது காசு கேட்டால் சண்டை போடாதீர்கள், மாநகராட்சி ரசீது கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

அதைவிட அதிகம் கேட்கிற பதில், "அந்த டைம் புக் ஆயிடுச்சு." சாயங்காலம் 5 முதல் 7 வரை கட்டணக் கோச்சிங் நடக்கும், ஏரியா பசங்க கம்பிக்கு வெளியே நிற்பார்கள். யார் ஒதுக்கினார்கள், எந்த உத்தரவில் என்று வாயால் கேட்டால், வார்டு ஏ.இ. (உதவிப் பொறியாளர்) மண்டல அலுவலகத்தைக் காட்டுவார், மண்டலம் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையைக் காட்டும், ரிப்பன் மாளிகை திரும்ப ஏ.இ.யைக் காட்டும். இந்தச் சுற்றை வெட்ட தகவல் உரிமைச் சட்ட மனு போதும். கட்டணம் 10 ரூபாய், ஆன்லைனிலும் போடலாம். கேள்வி மூன்றுக்கு மேல் வேண்டாம்: இந்தத் திடல் எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறது? எந்தெந்த நேரம், யாருக்கு, எந்த உத்தரவின்படி ஒதுக்கப்பட்டுள்ளது, அதன் நகல் என்ன? கட்டணம் உண்டா, உண்டென்றால் அதற்கான தீர்மான எண் என்ன? "ஏன்" என்று தொடங்கும் கேள்வியைப் போட்டால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு மனுவையே தள்ளுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை.

மனு போடுவதற்கு முன் இடம் யாருடையது என்று பாருங்கள். குடியிருப்புக்குள் இருக்கும் காலி இடம் பல ஏரியாவில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையது. மாநகராட்சிக்கு எழுதினால் இரண்டு மாதம் வீண். கண்ணகி நகர் மாநகராட்சிக்குள் வரும். பக்கத்திலேயே இருக்கும் பெரும்பாக்கம் வராது. வாரியத்தின் குடியிருப்புகள்தான் இரண்டும், ஆனால் மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குப் போன் போட்டால் ஒன்றுக்குத்தான் வேலை நடக்கும்.

மனுவை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் தேதியோடு சீல் வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். "சீல் ஆபீசர் வந்தா தான்" என்றால் அப்போதே தபால் ஆபீஸுக்குப் போய், சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். சங்கப் பதிவு இருந்தால்தான் இடம் என்பார்கள். பொதுத் திடலில் பந்து ஆட யாருக்கும் பதிவு தேவையில்லை. நிரந்தரமாக ஒரு நேரம் வேண்டுமென்றால் பதிவு உதவும். குறைந்தது 7 பேர் வேண்டும். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய ஆள் இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

டர்ஃப், அதாவது செயற்கைப் புல் திடல், கிடைத்துவிட்டால் ஒரு எச்சரிக்கை. ஏப்ரல், மே மாத மதியத்தில் செயற்கைப் புல் வெறுங்காலைச் சுட்டுவிடும். ஷூ இல்லாத பசங்களுக்கு 5 மணிக்கு மேல் நேரம் கேளுங்கள். இரும்பு ஆணி வைத்த ஷூவை உள்ளே விடாதீர்கள். புல் கிழிந்தால் அதைச் சாக்கு வைத்தே கேட்டைப் பூட்டுவார்கள்.

சண்டை வராமல் ஆடவைக்க, கொலம்பியாவின் மெடலின் நகரில் 1996-இல் தொடங்கிய முறை நம்ம ஏரியாக்களுக்கும் பொருந்தும். ரெஃப்ரி கிடையாது. ஆட்டத்துக்கு முன் இரண்டு அணியும் உட்கார்ந்து விதியைப் பேசி முடிவு செய்யும், பிறகு ஆடும், ஆடி முடித்தபின் யார் சொன்னபடி நடந்தார்கள் என்று பேசி ஒருவருக்கொருவர் புள்ளி கொடுக்கும். கோலோடு இந்தப் புள்ளியையும் சேர்த்துத்தான் வெற்றி. கடைசிப் பேச்சுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்காவிட்டால் பாக்கிச் சண்டை தெருவில் நடக்கும்.

இனி ஸ்டேஷன். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் விதிகளின்படி, 18 வயது நிரம்பாதவர் மேல் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது, ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். விலக்கு இரண்டு. ஒன்று, குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டு உள்ள கொடிய குற்றம். சாதாரண அடிதடியும் செல்போன் பறிப்பும் இதில் வராது. பறிக்கும்போது கத்தியை எடுத்தால் வந்துவிடும். இரண்டாவது விலக்கில்தான் பசங்க அதிகம் மாட்டுகிறார்கள்: பெரியவர் ஒருவரோடு சேர்ந்து செய்த குற்றம். டீமில் 19 வயசுக்காரன் ஒருத்தன் இருந்து, ஆட்டம் முடிந்து எல்லோரும் ஒன்றாகப் போய் அடிதடியில் சிக்கினால், 16 வயசுப் பையன் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறலாம். பெரியவர்களுக்கும் சின்னவர்களுக்கும் ஆட்ட நேரத்தையும் கலையும் நேரத்தையும் பிரித்து வையுங்கள்.

எந்த வழக்கானாலும் 18-க்குக் கீழே லாக்கப் கிடையாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதி வாரியத்தின் முன் நிறுத்த வேண்டும். சென்னையில் அது கெல்லீஸில் இருக்கிறது. "110 போட்டுருவேன்" என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு எண்ணைச் சொல்லி மிரட்டுகிற நன்னடத்தைப் பிணை நடவடிக்கை சிறார்மேல் செல்லாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஸ்டேஷனில் ரைட்டரிடம் வாதாட வேண்டாம், "குழந்தை நல போலீஸ் அதிகாரி யார்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒருவர் இருந்தாக வேண்டும்.

இதெல்லாம் பையனுக்கு 18 ஆகவில்லை என்று காட்டினால்தான். பெரும்பாலான பசங்களிடம் ஆதார் மட்டும் இருக்கும், அதிலும் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கும். ஆதார் வயதுச் சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு கேட்பது முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று, அது இல்லையென்றால் மாநகராட்சிப் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. படிப்பை நிறுத்திய பையனின் டி.சி. மட்டும் போதாது, பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றுதான் வேண்டும். அம்மாவோடு போய் வாங்குங்கள். பிறப்புச் சான்றில் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருந்து பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அதை வைத்து எதுவும் நடக்காது. பெயர் சேர்க்க 15 வருஷம் வரைதான் கெடு, தாமதக் கட்டணம் 200 ரூபாய். 13, 14 வயசுப் பசங்க இருக்கும் டீம் இந்த வாரமே பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஏரியா டோர்னமென்ட் சர்ட்டிபிகேட்டை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் விரட்டுங்கள். அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்தும் போட்டிகளில், அரசாணை சொல்லும் நிலைவரை ஆடினால்தான் அந்தக் கணக்கு தொடங்கும்.

ஒவ்வொரு பையனின் வயதுச் சான்று ஜெராக்ஸையும் வீட்டுப் போன் நம்பரையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பந்துப் பையிலேயே வையுங்கள். கவர் மேல் பெரிதாக எழுத வேண்டிய எண்கள் இரண்டு: குழந்தைகள் உதவிக்கு 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100.