வயிற்றில் சின்னத் தழும்பு, கர்ப்பப்பையில் எவ்வளவு ஆழம்?

கர்ப்பப்பையில் ஃபைப்ரொயிட் கட்டி என்று ஸ்கேனில் வந்ததும் இரண்டு பயம் வரும். ஒன்று, புற்றுநோயோ என்று. அதற்கு அநேகமாக இடமே இல்லை. கர்ப்பப்பையின் தசையிலேயே உருவாகி, பெண் ஹோர்மோன்களால் வளரும் கட்டி இது. மற்றது, இனிப் பிள்ளை தங்குமா என்பது. அதற்குப் பதில் கட்டி இருக்கும் இடத்தில் இருக்கிறது.

வெளிப்பக்கமாக வளர்ந்த கட்டி பெரிதானாலும் கருத்தரிப்பதைப் பெரும்பாலும் தடுக்காது. உள்ளறைக்குள் பிதுங்கும் கட்டி சின்னதானாலும் தொல்லைதான். கரு ஒட்டவேண்டிய படலத்தை அது குலைத்துவிடும், மாதவிடாயில் இரத்தமும் அதிகம் போகும். தசைக்குள் இருப்பவற்றை அளவு பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். (இரத்தம் குறைந்து இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் அதைப் ப்ளேன்டீயோடு விழுங்க வேண்டாம். தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது.)

உள்ளறைக் கட்டியைப் பிறப்புறுப்பு வழியாகவே கெமராவை விட்டுச் சீவி எடுக்கலாம். வயிற்றில் வெட்டு இல்லை, பின்னால் சுகப்பிரசவத்துக்கும் பொதுவாகத் தடையில்லை.

தசைக்கட்டிக்குச் செய்யும் லெப்பரஸ்கோபி, அதாவது வயிற்றில் துளையிட்டுக் கெமரா வைத்துச் செய்யும் ஆபரேஷன், வேறு கதை. மூன்று நான்கு சிறு துளைகள், குறைந்த வலி, சீக்கிரமே வீடு. வயிற்றைத் திறந்து செய்ததோடு ஒப்பிட்டால் கருத்தரிக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய அதேதான். ஆனால் வெளியே தெரியும் தழும்பைப் பார்த்து உள்ளே நடந்ததை எடைபோடக்கூடாது. கட்டியை உரித்த குழியை அடுக்கடுக்காகத் தைத்திருப்பார்கள். வளரும் பிள்ளையோடு விரிவதும், பிரசவ வலியில் இறுகுவதும் அந்தத் தையல் போட்ட தசைதான். அது ஆற 3 முதல் 6 மாதம் வேண்டும். அதுவரை கருத்தரிக்காமலிருக்க என்ன வழி என்று மருத்துவமாதுவிடமே கேட்கலாம். அதற்காக வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம், கட்டிகள் மறுபடி முளைக்கக்கூடியவை.

கர்ப்பத்தில் தையல் இடம் கிழிவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. நடந்தால் தாய், பிள்ளை இருவர் உயிருக்குமே ஆபத்து. அதனால் வெட்டு ஆழமாகப் போயிருந்தால், வலி தொடங்கும் முன்பே சிசேரியன் செய்ய நாள் குறிப்பார்கள். தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவு லயனிலிருந்து இரவில் வாகனம் பிடித்து, வளைவுப் பாதையில் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று நமக்குத் தெரியும். முன்கூட்டியே வார்டில் தங்குவது பற்றி டொக்டரிடம் பேசிவையுங்கள். இடையில் விடாத வயிற்றுவலியோ, இரத்தப்போக்கோ, பிள்ளை அசைவு குறைவோ இருந்தால் விடியும்வரை பொறுக்கக்கூடாது.

கட்டிக்குப் போகும் இரத்தக் குழாயை அடைத்துச் சுருக்கும் சிகிச்சையும் உண்டு. பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு அதைப் பொதுவாக முதலில் சொல்லமாட்டார்கள். கருச்சிதைவு கூடலாம், சூலகத்துக்குப் போகும் இரத்தமும் குறையலாம்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும்போது, கட்டி எந்த இடத்தில் இருந்தது, வெட்டு உள்ளறைவரை போனதா என்ற இரண்டையும் டயக்னோசிஸ் கார்ட்டில் எழுதித்தரச் சொல்லுங்கள். கர்ப்பமானதும் முதல் கிளினிக்கிலேயே அதைக் காட்டுங்கள்.