பல்லுலோகச் சட்டகம்: சொல் விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆறாம் படிவ வேதியியல் பயிலும் மாணவர்கள் பல உலோகங்களைக் கொண்ட நுண்துளைப் படிகமான ‘மிக்ஸ்ட் மெட்டல் மோஃப்’ என்பதற்குத் தமிழ் கேட்டால், ‘கலப்புலோகச் சட்டகம்’ என்ற விடையே முதலில் நாவில் வரும். அதை ஏற்பதற்கில்லை; ‘பல்லுலோகச் சட்டகம்’ என்பதே தகும். கலப்புலோகம் என்பது, கோயில் உற்சவரின் ஐம்பொன்னைப் போல, உலோகங்களை உருக்கி ஒன்றாக்கிப் பெறுவது. அதில் உலோக அணுக்கள் நேரடியாகப் பிணைந்திருக்கும். இப்படிகங்களிலோ உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைத்து நிறுத்துவதால், இடையில் வாயு மூலக்கூறுகள் புகுந்து தங்கும் நுண்துளைகள் அமைகின்றன.

ரிச்சர்ட் ராப்சன் 1989இல் செம்பு அயனிகளைக் கொண்டு இத்தகைய கட்டமைப்பை உருவாக்கினார். ‘மோஃப்’ என்று சுருக்கி வழங்கும், உலோக-கரிமச் சட்டகம் என்று பொருள்படும் பெயரை ஓமர் யாகி 1995இல் வழங்கினார். இவ்விருவரும் சுசுமு கிதாகவாவும் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

உலோகம் வடமொழி ‘லோஹ’ வழி வந்தது. மலாயின் ‘லோகாம்’ அதன் உறவே. கரிமம் நம் ‘கரி’யிலிருந்து பிறந்தது, இலங்கைத் தமிழர் இவ்விடத்தில் ‘சேதன’ என்பர். சட்டகம், சன்னலுக்கு அடிக்கும் சட்டத்தோடு உறவுடைய சொல்லாதலால், உள்ளே வெளி விட்டு நிற்கும் கட்டமைப்புக்கு மிகவும் பொருந்துகிறது. பல்லுயிர் என்பதுபோல் பல்லுலோகம் புணர்ந்து வரும். இரண்டே உலோகமாயின் ஈருலோகம் எனலாம்.

ஒரே படிகத்துக்குள் வெவ்வேறு உலோகங்கள் இடம்பெற்றால்தான் இப்பெயர் செல்லும். இருவகைப் படிகத் தூள்களைக் கலந்துவைத்தால் செல்லாது. மோஃப்-74 என்னும் சட்டகத்தில் மக்னீசியம், இரும்பு, நிக்கல், துத்தநாகம் முதலிய 10 உலோகங்களை ஒருங்கே அமர்த்தியதாக 2014இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இது வெறும் வித்தையன்று. மக்னீசியம் மட்டுமுள்ள மோஃப்-74 கரியமிலவாயுவை நன்கு பிடித்தாலும் ஈரம் பட்டால் அத்திறன் குன்றும்; மக்னீசியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக நிக்கலை அமர்த்தினால் ஈரத்தைத் தாங்கும் தன்மை கூடுகிறது. நம் செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீரில் எழும் உயிரிவாயுவில் மீத்தேனோடு கரியமிலவாயுவும் ஈரமும் சேர்ந்தே இருப்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

படிகம் வளர்க்கும் கரைசலில் இட்ட உலோக விகிதமே படிகத்திலும் அமையும் என்பதில்லை. ஆகவே ‘மக்னீசியம்-நிக்கல் ஈருலோகச் சட்டகம்’ என்று எழுதுபவர், படிகத்தைக் கரைத்து அளந்தறிந்த விகிதத்தையும் உடன் குறிப்பிட வேண்டும்.