ஐரோப்பியப் பாஸ்போர்ட் உள்ளவரின் குடும்பத்துக்கு வதிவிட அட்டை: எந்த நாட்டில், எப்படி?

காரைக்காலில் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் ஒருவர், கும்பகோணத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெண்ணின் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். இருவரும் ஐரோப்பாவில் குடியேற நினைக்கிறார்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் என்றால் பிரான்சுக்குத்தான் போக முடியும் என்று வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். பிரான்சுக்குப் போகலாம், தடையில்லை. ஆனால் கணவர் ஜெர்மனிக்கோ அயர்லாந்துக்கோ நெதர்லாந்துக்கோ வேலைக்குப் போனால், மனைவிக்கு வேறொரு சட்டம் துணைக்கு வருகிறது. பல இடங்களில் அது அந்தந்த நாட்டின் சொந்தச் சட்டத்தைவிடப் பலமானது.

பிரான்ஸ் இங்கே தன் கையில் இருந்த பகுதிகளை இந்தியாவிடம் கொடுத்த ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் இருக்கின்றன. டச்சு, டேனிஷ், ஜெர்மன் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. இவர்களுக்கெல்லாம் இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாததால்தான் பலர் வருடக்கணக்கில் பிரிந்து கிடக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தின் பெயர் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 டைரக்டிவ். 2004 ஏப்ரல் 29 தேதியிட்டது. ஒன்றியத்தின் நாடுகள் எல்லாம் 2006 ஏப்ரல் 30-க்குள் இதைத் தங்கள் சட்டத்தில் சேர்த்தாக வேண்டும் என்று விதித்தது. நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் மூன்றுக்கும் இது பொருந்தும். சுவிட்சர்லாந்துக்குத் தனி ஒப்பந்தம். சாயல் ஒன்றுதான், விவரங்கள் வேறு.

எல்லை தாண்டினால்தான் உரிமை

எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்த நாட்டை விட்டு இன்னொரு ஒன்றிய நாட்டில் வாழும்போதுதான் இந்தச் சட்டம் அவருடைய குடும்பத்துக்குப் பொருந்தும். சொந்த நாட்டிலேயே இருந்தால் அந்த நாட்டின் குடியேற்றச் சட்டம்தான். ஜெர்மன் குடியுரிமை உள்ள ஒருவர் ஜெர்மனியில் இருந்தபடி யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியை அழைத்தால், பொதுவாக மனைவி ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் மொழித் தேர்வில் தேற வேண்டும். பக்கத்து வீட்டில் குடியிருந்து வேலை பார்க்கும் பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கு அந்தத் தேர்வு கிடையாது. சொந்தக் குடிமகனுக்கு இல்லாத சலுகை வெளியூர்க்காரருக்கு இருப்பது அநியாயமாகத் தோன்றலாம், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் சட்டம் அப்படித்தான் நிற்கிறது.

டேனிஷ்காரர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். 2002-இல் டென்மார்க் தன் சட்டத்தைக் கடுமையாக்கி, தம்பதி இருவருக்கும் 24 வயது ஆகியிருக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. உடனே வெளிநாட்டில் கல்யாணம் செய்த பலர் ஓரெசுண்ட் பாலத்தைத் தாண்டி ஸ்வீடனின் மால்மோவில் குடியேறினார்கள். அங்கே அவர்கள் எல்லை தாண்டிய ஐரோப்பியக் குடிமக்கள், ஆகவே துணையைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. வேலைக்குக் கோபன்ஹேகனுக்கே போய்வந்தார்கள்.

அப்படிப் போனவர் திரும்பித் தன் நாட்டுக்கு வந்தால்? இதற்கு விடை சொன்ன வழக்கு ஓர் இந்தியருடையது. சுரிந்தர் சிங் என்பவரும் அவருடைய பிரிட்டிஷ் மனைவியும் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பினார்கள். அவர்கள் திரும்பி வரும்போதும் ஒன்றியச் சட்டத்தின் பாதுகாப்பு கூடவே வரும் என்று 1992-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஆனால் வார இறுதியில் போய்த் தங்கிவந்ததெல்லாம் கணக்கில் வராது. மூன்று மாதத்துக்கு மேல், உண்மையாகவே அங்கே குடும்பம் நடத்தியிருக்க வேண்டும் என்று 2014-இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது.

பிரிட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டது, அதற்கான இடைக்காலமும் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. இப்போது டச்சுப் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்குப் புதிதாகக் குடிபோகிறவருக்கு இந்தச் சட்டம் உதவாது.

குடும்பம் என்றால் யார் யார்

கணவன் அல்லது மனைவி. 21 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். 21 தாண்டியும் இவர்களை நம்பி வாழும் பிள்ளைகள். இவர்களை நம்பி வாழும் பெற்றோர், தாத்தா பாட்டி. இருவர் பக்கமும் சேர்த்தி. அதாவது, மாமனார் மாமியாரும் இந்தப் பட்டியலில் உண்டு. அண்ணன் தம்பி, சித்தி மகன் போன்றவர்களுக்கும், பதிவு செய்யாமல் நீண்டகாலம் சேர்ந்து வாழும் துணைக்கும் நேரடி உரிமை இல்லை. ஆனால் அவர்கள் கேட்டால் அலுவலகம் கவனமாக விசாரித்து வழிசெய்ய வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஐரோப்பியக் குடிமகன் வெறும் மாணவராகப் போயிருந்தால் பெற்றோரும் இந்த இரண்டாம் வரிசைக்குப் போய்விடுவார்கள்.

பெற்றோரை அழைக்க நினைப்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுப்பது மட்டும் போதாது. ஊரில் இருக்கும்போதே அவர்கள் பிள்ளையின் பணத்தில்தான் அடிப்படைச் செலவுகளைச் சமாளித்தார்கள் என்று காட்ட வேண்டும். நம் வீடுகளில் பணம் எப்படிப் போகிறது? தெரிந்தவர் ஊருக்குப் போகும்போது கையில் கொடுத்துவிடுவோம், அல்லது அண்ணன் கணக்குக்கு அனுப்பி அம்மாவிடம் கொடுக்கச் சொல்வோம். அன்பு உண்மைதான், ஆனால் காகிதத்தில் ஒன்றும் இருக்காது. ஆகவே இன்றிலிருந்தே அம்மாவின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் நேராக அனுப்புங்கள். மருந்துச் சீட்டு, வாடகை ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

ஐரோப்பியக் குடிமகன் தரப்பில் ஒரு நிபந்தனை உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் தங்க அவர் வேலையிலோ சொந்தத் தொழிலிலோ இருக்க வேண்டும். இல்லையென்றால் குடும்பம் அரசு உதவிக்குப் போகாத அளவு பணமும் முழுமையான மருத்துவக் காப்பீடும் வேண்டும். மாணவராக இருந்தால் கல்வி நிலையத்தில் சேர்க்கையும் இந்த இரண்டும் தேவை. பகுதிநேர வேலையும் வேலைதான். பெயரளவுக்கு இல்லாமல் உண்மையானதாக இருந்தால் போதும்.

விசா, ஆவணம், அட்டை

இந்தியர், இலங்கையர் என்றால் உள்ளே போக விசா தேவை. இந்த விசாவுக்குக் கட்டணம் இல்லை, விரைவாகவும் கொடுக்க வேண்டும். காட்ட வேண்டியவை மூன்றே: ஒருவர் ஐரோப்பியக் குடிமகன், மற்றவர் அவருடைய குடும்பத்தவர், இருவரும் சேர்ந்து போகிறார்கள் அல்லது ஒருவர் மற்றவரிடம் போய்ச் சேர்கிறார். ஓட்டல் முன்பதிவு, திரும்பிவரும் டிக்கெட், வங்கி இருப்பு எல்லாம் சுற்றுலாப் பயணிக்கான பட்டியல். வரிசையில் எல்லோரையும் சுற்றுலாப் பயணியாகவே பார்க்கும் பழக்கம் இருப்பதால், 2004/38-இன்படி விண்ணப்பிக்கிறேன் என்று முகப்புக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

நம்மவர்களுக்கு உண்மையான தலைவலி பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, திருமணச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டல். ஐரோப்பிய அலுவலரின் கண்ணுக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். பயணத்துக்கு முன்பே ஊரில் திருத்திக்கொள்வது, போன பிறகு அலைவதைவிட எவ்வளவோ மேல். கோயிலில் தாலி கட்டிய புகைப்படம் போதாது. பதிவுத் திருமணச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு எப்படியும் கட்டாயம்தானே. இந்திய ஆவணங்களுக்கு, போகும் நாடு ஏற்கிறதா என்று கேட்டுக்கொண்டு, அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசுச் சான்று) வாங்கிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பைப் போகும் நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் செய்வது நல்லது.

போய்ச் சேர்ந்ததும் வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு எந்த நாடும் குறைந்தது மூன்று மாத அவகாசம் கொடுத்தாக வேண்டும். விண்ணப்பித்தவுடன் ஒரு சான்று கையில் தர வேண்டும். அட்டை ஆறு மாதத்துக்குள் வந்தாக வேண்டும். கட்டணம் இருந்தால், சொந்த மக்களிடம் இதுபோன்ற அட்டைக்கு வாங்குவதைவிட அதிகம் இருக்கக் கூடாது. பாஸ்போர்ட், உறவுக்கான சான்று, ஐரோப்பியக் குடிமகன் அங்கே வாழ்வதற்கான ஆதாரம், சார்ந்திருப்பவர் என்றால் அதற்கான ஆதாரம்: ஏறக்குறைய இவ்வளவுதான் கேட்கலாம். பட்டியல் சட்டத்திலேயே இருக்கிறது.

அட்டை பொதுவாக ஐந்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் உரிமையைக் கொடுப்பது அட்டை இல்லை, சட்டம். அட்டை அதற்குச் சாட்சி மட்டும். ஆகவே அட்டை வரும்வரை நீங்கள் திருட்டுத்தனமாக இருப்பவர் அல்லர். வேலை செய்யும் உரிமையும் உண்டு. முன்பு எங்கே, எந்த விசாவில் இருந்தீர்கள், கல்யாணம் எப்போது நடந்தது என்பதை வைத்து மறுக்க முடியாது என்று 2008-இல் அயர்லாந்து வழக்கொன்றில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமைக்காகப் போலியாகச் செய்த கல்யாணம் என்றால் மட்டும் எல்லாம் போகும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழியும் சொல்ல வேண்டும். அலுவலகம் ஒன்றியச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்றால் சால்விட் என்ற இலவச அமைப்பு இருக்கிறது, பத்து வாரத்துக்குள் தீர்க்கப் பார்ப்பார்கள். ஆனால் மேல்முறையீட்டுக் கெடு அதற்காகக் காத்திருக்காது. இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள்.

ஐந்து வருடம் தொடர்ந்து சட்டப்படி வாழ்ந்தால் நிரந்தர வதிவிடம். வருடத்துக்கு ஆறு மாதம்வரை வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுபடாது. பிரசவம், கடுமையான நோய் போன்ற காரணத்துக்காக ஒரேயொரு முறை பன்னிரண்டு மாதம்வரையும் போகலாம். நிரந்தரம் ஆன பிறகு, தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருந்தால்தான் இழப்பு.

கல்யாணம் முறிந்தால்

இதைப் பெண்கள் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். "நீ போனால் உன் விசா போய்விடும்" என்ற மிரட்டல் பல வீடுகளில் ஒலிக்கிறது. அது அப்படியே உண்மை இல்லை. பிரிந்து வாழ்வதால் மட்டும் உரிமை போகாது. விவாகரத்து ஆனாலும், வழக்குத் தொடங்கும்போது திருமணம் மூன்று வருடம் நீடித்து, அதில் ஒரு வருடமாவது அந்த நாட்டில் வாழ்ந்திருந்தால் தங்கலாம். குடும்ப வன்முறை இருந்தாலோ, பிள்ளையின் பொறுப்பு உங்களிடம் இருந்தாலோ அந்த மூன்று வருடக் கணக்கும் தேவையில்லை. நிரந்தர வதிவிடம் வரும்வரை வேலையோ, இல்லையென்றால் போதிய வருமானமும் காப்பீடும் சேர்த்தோ காட்ட வேண்டியிருக்கும்.

ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. விவாகரத்து வழக்குப் போடும் முன்பே ஐரோப்பியத் துணை நாட்டை விட்டுப் போய்விட்டால், மற்றவர் தங்கும் உரிமையை இழக்கலாம் என்று 2015-இல் அயர்லாந்திலிருந்து போன வழக்கில் தீர்ப்பானது. வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 2021-இல் இது தளர்ந்தது: துணை போன பிறகும் நியாயமான காலத்துக்குள் வழக்குப் போட்டால் ஏற்பார்கள். ஆகவே அவர் பெட்டி கட்டுகிறார் என்று தெரிந்தால் வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, மருத்துவச் சான்று, போலீஸ் புகார் எண் ஆகியவற்றின் நகல்கள் வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும்.