வயலில் நகர் போட்டால் தண்ணீர் எங்கே போகும்?

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் மனைப்பிரிவுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். வருகிற புரமோட்டர்களில் பலர், "சார், கொஞ்சம் பசுமையா பண்ணிடுங்க" என்பார்கள். அவர்கள் கேட்கும் பசுமை, நுழைவாயிலில் நாலு அலங்காரப் பனையும் ஒரு சோலார் விளக்கும். ஆனால் டெல்டாவில் ஒரு புது நகரால் வரும் சேதத்தில் முக்கால்வாசி தண்ணீர் வழியாகத்தான் வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 20 லட்சம் லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் அவ்வளவு கொட்டுவது இங்கே அதிசயமில்லை. வயலாக இருந்தவரை அது வரப்புக்குள் நின்று மெல்ல வடிந்தது. கிராவல் கொட்டி மூன்றடி உயர்த்தி, தார் ரோடும் கூரைகளும் வந்தபின், அதே தண்ணீர் சில மணி நேரத்தில் பக்கத்துச் சம்பா வயலில் இறங்கும். போதாக்குறைக்கு, மேல்பக்கத்திலிருந்து வடிந்து வரும் தண்ணீரையும் இந்த மேடு அணை போல மறிக்கும்.

அதனால் முழு மனைப்பிரிவையும் உயர்த்தாதீர்கள். வீடு கட்டுபவர் அடித்தளத்தை உயர்த்திக்கொள்ளட்டும். ரோடு தாழ்வாகவே இருக்கட்டும். கிராவல் லோடு குறைந்தால், அதை வெட்டியெடுக்கும் தஞ்சாவூர் வல்லம் பக்கத்துச் செம்மண் மேடும் கொஞ்சம் பிழைக்கும்.

அடுத்தது வாய்க்கால். "தூர்க்கமாட்டோம் சார், ரோட்டுக்கு அடியில குழாய் போட்டுடறோம்" என்பார்கள். அந்தக் குழாயை ஒருமுறை குனிந்து பாருங்கள். பெரும்பாலும் ஓரடி விட்டமுள்ள சிமெண்ட் குழாய், அதுவும் வாய்க்கால் தரையிலிருந்து அரையடி மேலே உட்கார்ந்திருக்கும். வடிய வேண்டிய கடைசி அரையடித் தண்ணீர் மேல்பக்கத்து வயலிலேயே தங்கி, பயிரின் வேரை அழுக வைக்கும். முதல் வெள்ளத்திலேயே குழாயின் வாயில் ஆகாயத்தாமரையும் வாழைமட்டையும் பாலித்தீன் பையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே ஆள் போய் எடுக்க வழியில்லை.

நான் எழுதிக் கொடுப்பது பெட்டிப் பாலம், அதாவது பெட்டி வடிவக் கான்கிரீட் பாலம். வாய்க்காலின் முழு அகலத்துக்கு, அடித்தளம் வாய்க்கால் தரையைவிடச் சற்றுத் தாழ்வாக, மண்வெட்டியோடு ஒருவர் நுழையும் உயரத்தில். செலவைக் கேட்டதும் புரமோட்டர் முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

திறந்தவெளி ஒதுக்கீட்டிலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட்டே ஆகவேண்டும். வழக்கமாக அதற்குக் கிடைப்பது, மனையாக விற்காத ஏதோ ஒரு கோண மூலை. அதை நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் வைத்து, பூங்காவை ஒன்றரை அடி பள்ளமாக அமையுங்கள். ஐந்து ஏக்கரில் ரோடு ஒன்றரை ஏக்கர் போனால் மிஞ்சும் பூங்கா 35 சென்ட். ஒன்றரை அடிக்கு அதில் ஆறு லட்சம் லிட்டருக்கு மேல் நிற்கும். சிறு மடை வழியாக அது மெதுவாக வடியட்டும். வடிந்தபின் பிள்ளைகள் விளையாடலாம். மரம் என்றால் நீர்மருதும் புங்கனும் நாவலும் வையுங்கள், வேரில் தண்ணீர் நின்றாலும் தாங்கும்.

கழிவுநீர் விஷயத்தில் களிமண் நமக்கு உதவாது. கழிவுநீர் மண்ணில் ஊறட்டும் என்று சிமெண்ட் உறை இறக்கினால் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி, அது நிரம்பி நிற்கும். அடியும் பக்கமும் கசியாத தொட்டி கட்டி, வெளியேறும் நீரை ஜல்லி நிரப்பிய கல்வாழைப் பாத்திக்கு விடுங்கள். வாய்க்காலில் மட்டும் திறக்காதீர்கள். இங்கே ஓர் ஊரின் வடிகால்தான் அடுத்த ஊருக்குப் பாசனம்.

2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வு போன்றவற்றைத் தடுக்கிறது. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை.

மனை வாங்குபவர்களுக்கு: விற்பனை சூடுபிடிப்பது சித்திரையில், எல்லாம் காய்ந்து கிடக்கும்போது. அட்வான்ஸ் கொடுக்கும்முன் ஒரு மழைநாளில் போய் நில்லுங்கள். கிராம வரைபடத்தையும், அந்த சர்வே எண்ணுக்கான அளவு வரைபடமான புலப்படத்தையும் எடுத்து, வாய்க்கால் என்று கோடு போட்ட இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்து வயல்காரரிடமும் கேளுங்கள். போன மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஏறியது என்று அவருக்குத் தெரியும்.