தொடைத் தோலை எந்தக் கழியில் மாட்டுவது?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 40 கிலோ குறைந்தாராம். "தொடைத் தோல் மட்டும் காலிப் பை மாதிரி தொங்குகிறது. தேக்கா வரை நடந்து வந்தால் உரசிப் புண்ணாகிறது. உடற்பயிற்சியில் சரியாகாதா? ஆபரேஷன் செய்வதென்றால் தேய்பிறையில் செய் என்கிறார் அம்மா."

உடற்பயிற்சி தசையை வளர்க்கும், தோலைச் சுருக்காது. இழுத்த தோலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது எலாஸ்டின் என்ற புரதம். அதில் பெரும்பகுதியைக் கருவிலும் சிறுவயதிலுமே உடல் நெய்து முடித்துவிடுகிறது. பல வருடம் விரிந்தே இருந்து அந்த இழைகள் அறுந்தால், பழைய அரைக்கால் சட்டையின் லாஸ்டிக் கதைதான். பூசும் களிம்பு அதை ஒட்டவைக்காது.

சரி, அறுவை சிகிச்சை. முழு மயக்கம், சில மணி நேர வேலை. தொடையிடுக்கில் கீறி, மிஞ்சிய தோலையும் கொஞ்சம் கொழுப்பையும் எடுத்துவிட்டு, மீதியை மேலே இழுத்துத் தைப்பார்கள். தொய்வு அதிகமென்றால் உள்தொடையில் நீளவாக்கிலும் ஒரு கீறல்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இழுத்த தோலை எதோடு தைப்பது?

வீவக அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு வெளியே ஈரப் போர்வை காயப் போடுகிறீர்கள். அதைக் கழியில் மாட்டாமல், பக்கத்தில் காயும் துப்பட்டாவோடு கிளிப் போட்டால் என்ன ஆகும்? துப்பட்டாவும் சேர்ந்து கீழே இழுபடும். ஆரம்பகாலத் தொடை அறுவைகளில் நடந்தது அதுதான். தொடைத் தோலை இடுக்கின் மெல்லிய தோலோடு தைத்தார்கள். நிற்கும்போதும் நடக்கும்போதும் தொடையின் பாரம் இழுக்க, தழும்பு உள்ளாடைக்குக் கீழே இறங்கி வெளியே தெரிந்தது. பெண்களுக்குப் பிறப்புறுப்பின் ஓரம்கூட இழுபட்டுத் திறந்துகொண்டது.

1988இல் அமெரிக்க மருத்துவர் டெட் லாக்வுட் கழியைத் தேடிப் பிடித்தார். இடுக்குத் தோலுக்கு அடியில், இடுப்பெலும்பின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு ஒரு கெட்டியான சவ்வு இருக்கிறது. பெயர் காலிஸ் சவ்வு. ஆபிரகாம் காலிஸ் என்ற அயர்லாந்துக்காரரின் பெயர். கையூன்றி விழும்போது வரும் மணிக்கட்டு முறிவுக்கும் அவர் பெயர்தான். தொடைத் தோலின் உள்ளடுக்கை அந்தச் சவ்வில் தைத்துவிட்டால் பாரம் எலும்புக்குப் போய்விடும். மேல்தோல் தையல் இழுவிசை இல்லாமல், காயத்தின் வாயை மூடிவைக்கும் வேலையை மட்டும் பார்க்கும். புதுக் கருவி இல்லை, மருந்து இல்லை. ஊசி குத்தும் இடம் அரை விரல் ஆழம் மாறியது, அவ்வளவுதான். எனக்கு இதில் தீராத மோகம்.

பக்கத்திலேயே, காலில் தேங்கும் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. கத்தி அங்கே ஆழமாகப் போனால் கால் வீங்கும்.

அப்புறம் வீட்டுக்கு வந்தபின். முதல் நாளே மெல்ல நடக்கச் சொல்வார்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்க. சில வாரம் இறுக்கு உடை போட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுதான் பெரிய தண்டனை. தொடையிடுக்கு எப்போதும் ஈரம் தங்கும் இடம், கிருமிக்குக் கொண்டாட்டம். தையல் கொஞ்சம் பிரிவதும் சகஜம். ஒரு வாரத்தில் காயத்துக்குப் பழைய தோலின் பலத்தில் 3 விழுக்காடுதான் இருக்கும். 3 வாரத்தில் சுமார் 20. எத்தனை மாதம் போனாலும் 80ஐத் தாண்டாது. குந்தி உட்காராதே, காலை அகட்டாதே என்று சொல்வது அதனால்தான்.

அம்மாவின் தேய்பிறைக்கு வருகிறேன். காயத்துக்கு நிலாவைத் தெரியாது, சிகரெட்டைத் தெரியும். நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கி, தைத்த ஓரத்தைப் பட்டினி போட்டுவிடும். புகைப்பவர் வீட்டில் இருந்தால் நாள் பார்ப்பதைவிட அவரை வெளியே அனுப்புவது மேல். கறுத்த தோலில் தழும்பு தடித்து, காயத்தின் எல்லையையும் தாண்டி வளரும் கெலாய்டாகும் வாய்ப்பும் கூடுதல். அது ஏன் என்று தேடும் ஆய்வகத்துக்குப் பணம் போகட்டும், தோலை இறுக்கும் என்று விற்கும் கொலாஜன் பானத்துக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

அழகுக்காகச் செய்வதென்றால் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவைத் தொட முடியாது. தழும்பு வெளிறவே ஒரு வருடம் பிடிக்கும். எடை ஆறு மாதமாவது ஏறி இறங்காமல் நின்ற பிறகு மருத்துவரைப் பாருங்கள். பார்க்கும்போது, தோலை எதில் தைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.