பச்சைத் தண்ணீரை இறைக்காதீர்கள்

தை பிறந்தால், நீச்சல் குளம் பராமரிக்கும் எங்கள் தொழிலில் தொலைபேசி ஓயாது. பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி, கானாத்தூர், முட்டுக்காடு பக்கம் கட்டிப்போட்ட வீட்டை வருடக்கணக்கில் கழித்துத் திறப்பார்கள். பின்கட்டில் நீச்சல் குளம் பாசி பிடித்துக் கரும்பச்சையாக நிற்கும். அதைப் பார்த்த மாத்திரத்தில் அவர்கள் செய்கிற காரியம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். டீசல் மோட்டார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, "முழுதாக இறைத்துவிடு, புதுத் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம்" என்று தோட்டக்காரரிடம் சொல்லிவிடுகிறார்கள். எங்களை அழைப்பது அதற்குப் பிறகுதான்.

இந்த மாதமும் அப்படி ஒரு வீடு. நான் போனபோது ஆழமான பக்கத்தின் விளிம்பு, நடைபாதைக் கல்லைவிட நாலு விரற்கடை மேலே எழும்பி நின்றது. ஃபில்டருக்குப் போகும் குழாய் கழுத்தோடு முறிந்திருந்தது. தரையில் மூலைக்கு மூலை விரிசல். அதன் வழியாக மணல் கலந்த தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. "மேஸ்திரி ஏமாற்றிவிட்டார்" என்றார் வீட்டுக்காரர். மேஸ்திரி சரியாகத்தான் கட்டியிருக்கிறார். ஆனால், அவர் கட்டியது தண்ணீர் நிற்பதற்கான குளம்.

எத்தனை முறை சொன்னாலும் இதை நம்ப மறுக்கிறார்கள்: காலியான குளம் மிதக்கும். கான்கிரீட் எப்படி மிதக்கும் என்று சிரிக்காதீர்கள். வெறுங்குடத்தைக் கிணற்றுத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த விசை தெரியும். கணக்காகவே சொல்கிறேன். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் ஏறத்தாழ 45,000 லிட்டர், அதாவது 45 டன் தண்ணீர் இருக்கும். சுவரும் தரையும் 15 சென்டிமீட்டர் கனம் என்றால் கான்கிரீட்டின் எடை சுமார் 24 டன். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, கடற்கரை மணலில் நிலத்தடி நீர் தரையிலிருந்து அரை மீட்டர் ஆழத்திலேயே நிற்பதுண்டு. அப்போது குளத்தின் அடித்தளத்தை அது கீழிருந்து மேல்நோக்கித் தள்ளும் விசை 30 டன்னுக்கு மேல். உள்ளே 45 டன் இருக்கும்வரை எதுவும் அசையாது. அதை இறைத்துவிட்டால், 24 டன்னை 30 டன் தூக்கிவிடும். நீங்கள் அருவருப்போடு பார்க்கும் அந்தப் பச்சைத் தண்ணீர்தான் குளத்தைத் தரையோடு அமுக்கி வைத்திருக்கிறது.

"அதற்கு ஒரு வால்வு இருக்குமே?" என்று விவரம் தெரிந்த சிலர் கேட்பார்கள். அடியிலிருந்து வரும் நீரை உள்ளே விட்டு அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு, மெயின் டிரெயினில், அதாவது குளத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் வாயில், இருக்க வேண்டும்தான். பல வீடுகளில் வைத்ததே இல்லை. வைத்த வீட்டிலும் பயன்படாமல் கிடந்து இறுகிப்போயிருக்கும். அதை நம்பி மோட்டார் போடாதீர்கள். விரிசல், கசிவு போன்ற பழுதுபார்ப்புக்காகக் காலி செய்தே தீர வேண்டுமானால் கோடை வரை பொறுங்கள். இறைப்பதற்கு முன் வளாகத்துக் கிணற்றை எட்டிப் பாருங்கள். அதன் நீர்மட்டம் குளத்தின் அடித்தளத்துக்கும் கீழே போயிருக்க வேண்டும்.

சரி, மிதக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். புதுத் தண்ணீர் எங்கிருந்து வரும்? 12,000 லிட்டர் லாரி நாலு வேண்டும். அல்லது ஆழ்துளைக் கிணறு. அதில் இரும்புச்சத்து இருந்தால், குளோரின் போட்டதும் குளம் தேநீர் நிறத்துக்கு மாறும். மறுபடியும் எனக்குத் தொலைபேசி வரும்.

பச்சைத் தண்ணீரை இருந்த இடத்திலேயே தெளிய வைக்கலாம், சில நாள் பொறுமை இருந்தால். எடுத்த எடுப்பில் ஃபில்டர் மோட்டாரைப் போடாதீர்கள்; மக்கிய இலை குழாயை அடைத்துவிடும். முதலில் நீளக்கம்பு வலையால் கரையிலிருந்தபடியே அள்ளுங்கள். அடி தெரியாத தண்ணீரில் ஒருவரையும் இறக்காதீர்கள். மிதக்கும் குப்பையை உள்ளிழுக்கும் ஸ்கிம்மரின் மூடியைக் கம்பால் நெம்பித் திறங்கள். தவளை குடியிருக்கும் இடத்தில் அதைத் தேடி வந்த பாம்பும் சுருண்டிருக்கும். மோட்டார் அறையில் எலி கடித்த வயர்களை எலக்ட்ரீஷியன் பார்த்து, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வேலை செய்கிறது என்று சொன்ன பிறகே சுவிட்சில் கை வையுங்கள்.

அதன்பின் பி.எச். அளவை, அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையை, 7.2-க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். 8-இல் நின்றால் போடும் குளோரினில் பெரும்பகுதி வீண். சுவரைப் பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். நான் சொன்ன அளவுள்ள குளத்துக்கு 65 சதவீதக் குளோரின் குருணை 700 கிராம் போட்டால் அளவு 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு) ஏறும். முற்றிய பாசிக்கு ஒரு தரம் போதாது. பச்சை மாறிச் சாம்பல் நிறம் வரும்வரை மாலைதோறும் தொடருங்கள். மாலையில்தான். பகலில் போடுவது வெயிலுக்குப் போடுவது. ஃபில்டர் இரவும் பகலும் ஓடட்டும். அழுத்தமானி வழக்கத்தைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. கூடினால் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவுங்கள். மோட்டாரை நிறுத்தாமல் ஃபில்டரின் வால்வுக் கைப்பிடியைத் திருப்பாதீர்கள்; மாதம் தவறாமல் யாராவது அதை உடைக்கிறார்கள். கடைசிக் கலங்கல் போகவில்லை என்றால் படிகாரம் போட்டு, மோட்டாரை நிறுத்தி, ஓர் இரவு படிய விட்டு, அடியில் தங்கியதை ஃபில்டருக்கு விடாமல் நேராக வெளியே உறிஞ்சி எடுங்கள்.

சோதனைப் பெட்டி பற்றி ஒன்று. குளோரின் எக்கச்சக்கமாக இருக்கும்போது பி.எச். சொட்டு மருந்து, அளவு ஏறிவிட்டதுபோல் கத்திரிப்பூ நிறம் காட்டும். அது பொய். அதை நம்பி ஆசிட்டை ஊற்றாதீர்கள்.

செம்பு உப்பான மயில்துத்தம் போடச் சொல்லும் கடைக்காரர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. பாசி சாகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செம்பு தண்ணீரிலேயே தங்கிச் சுவரில் கறையாகப் படியும். நரைத்த தலைமுடியில் பச்சை ஏறும். ஆசிட்டையும் குளோரினையும் ஒரே வாளியில் கரைக்கிறவர்களை என்ன சொல்ல? கிளம்பும் வாயு நுரையீரலைத் தின்னும். குருணைக் குளோரினையும், டிரைகுளோர் என்ற வேறுவகைக் குளோரின் மாத்திரையையும் ஒன்றாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் தனித்தனிக் குவளை, தனித்தனி அலமாரி. தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும். மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

ஒரு வேண்டுகோள். விளிம்பு வழிந்தோடும் குளங்களுக்குத் தரைக்கடியில் ஒரு மூடிய தொட்டி இருக்கும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த அந்தத் தொட்டிக்குள், "சட்டென்று இறங்கிச் சேற்றை அள்ளிவிடு" என்று தோட்டக்காரரை அனுப்பாதீர்கள். கழிவுநீர்த் தொட்டிகளில் மனிதர்கள் எப்படிச் சாகிறார்கள் என்று நாளிதழில் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம். இங்கேயும் உள்ளே மூச்சுவிடக் காற்று இல்லாமல் போயிருக்கலாம், நச்சுவாயு தேங்கியிருக்கலாம். தயவுசெய்து அதற்குரிய கருவியோடு வருகிற ஆட்களைக் கூப்பிடுங்கள். விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் திரும்புவதில்லை.

தண்ணீர் கண்ணாடிபோல் ஆனதும் பிள்ளைகள் குதிக்கத் துடிப்பார்கள். தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீர் இல்லை. 2024-இல் கேரளத்தில் சிறுவர்களைப் பலிகொண்ட மூளையைத் தின்னும் அமீபா, குளோரின் இல்லாத வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது; மூக்கு வழியாக ஏறுவது. இரவு அளந்த குளோரினிலிருந்து விடியற்காலைக்குள் 1 பி.பி.எம்.-க்கு மேல் குறையாமல் இருந்தால்தான் பாசி அடங்கியிருக்கிறது என்று பொருள். அதன் பிறகு அளவு 3-க்கு இறங்கும்வரை காத்திருங்கள். மெயின் டிரெயின் மூடி உடையாமல், திருகாணி கழலாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அது உறிஞ்சிப் பிடித்தால் பெரியவர்களாலும் விடுவிக்க முடியாது. அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அப்படி இறந்த பிறகு, 2007-இல் அந்த மூடிக்கென்றே சட்டம் போட்டார்கள்.

விமானம் ஏறும் முன், மோட்டாரைத் தினமும் ஓட்டவும் குளோரினைக் குறையாமல் வைக்கவும் ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். வாரம் ஒருமுறை அவரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குளத்தின் படம் வேண்டாம், சோதனைக் குழாயின் நிறம் தெரிகிற படம்.