அரண்மனைக்கு எதற்கு ‘முன்னாள்’?

“முன்னாள் அரச அரண்மனையில் அமைந்துள்ள கலை அருங்காட்சியகம்.” சிங்கப்பூரில் ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களிலும் பயணச் செயலிகளிலும் இந்த வரி தலைகாட்டிவிடும். பாரிஸ் லூவ்ருக்கும் இதுதான், பெய்ஜிங்குக்கும் இதுதான். தைப்பேக்கும் கூசாமல் இதையே ஒட்டுகிறார்கள். அங்கே அரண்மனையே கிடையாது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் வேர். ரோமாபுரியின் ஏழு குன்றுகளில் ஒன்று பாலத்தீன். பேரரசர்கள் அதன்மேல் குடியிருந்ததால் குன்றின் பெயர் வீட்டுக்கு வந்தது. அதுவே பிரெஞ்சில் பலே, இத்தாலியனில் பலாட்சோ, ஆங்கிலத்தில் பேலஸ். மியூசியம் என்பது கிரேக்கரின் கலைத்தேவியரான மூசாக்கள் உறையும் இடம். தமிழ்ச் சொல்லை அரண் + மனை என்று பிரிப்பது வழக்கம். கன்னடத்து அரமனே, மலையாளத்து அரமன இரண்டையும் காட்டி, அரசன் மனைதான் அரமனை ஆயிற்று, ‘அரண்’ பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்போரும் உண்டு. முதல் பிரிப்பில் கோட்டை இருக்கிறது. இரண்டாவதில் அரசனே இருக்கிறான். இதற்கும் முந்தைய சொல் கோயில்: கோ வாழும் இல். அது கடவுளுக்குப் போய்விட்டது. கேரளத்துக் கோவிலகத்தில் மட்டும் இன்னும் அரச குடும்பத்தின் வாசனை மிச்சமிருக்கிறது.

இனி ‘அரச அரண்மனை’. ஆங்கிலக்காரர் பேலஸுக்கு முன்னால் ‘ராயல்’ போடக் காரணம் இருக்கிறது. பேலஸ் என்ற சொல்லுக்குள் அரசன் நிச்சயமில்லை. பாரிஸில் நீதிமன்றக் கட்டடம் ஒரு பலே, 1900-இல் கண்காட்சிக்கென்று எழுப்பிய கண்ணாடிக்கூரைக் கட்டடம் ஒரு பலே, ஓபரா அரங்கமும் ஒரு பலே. இத்தாலியில் இன்னும் தாராளம். ஊருக்குள் பெரிய கல்வீடு என்றாலே பலாட்சோதான். புளோரன்ஸில் இன்று கலைக்கூடமாக இருக்கும் பிட்டி, 15-ஆம் நூற்றாண்டில் லூக்கா பிட்டி என்ற வங்கிக்காரர் தமக்குக் கட்டத் தொடங்கியது. பிறகுதான் மெடிச்சி குடும்பம் வாங்கியது, அதற்கும் பிறகுதான் இத்தாலியின் மன்னர் சிறிது காலம் அங்கே இருந்தார். கட்டியபோது அது மாளிகை. அரண்மனையானது விலைக்கு வாங்கப்பட்ட பின்னர். இந்த வேறுபாட்டைக் காட்ட ஆங்கிலத்துக்கு ஓர் அடைமொழி தேவை. நம்மிடம் இரண்டு தனிச் சொற்களே இருக்கின்றன: அரசன் வீடு அரண்மனை, செல்வந்தன் வீடு மாளிகை. இரண்டு சொல் இருக்கும்போது ஒன்றை எடுத்து அதற்கு ‘அரச’ என்று முட்டுக்கொடுப்பானேன்?

கானாடுகாத்தானில் செட்டிநாட்டு அரண்மனை இருக்கிறதே, அங்கே எந்த அரசன் ஆண்டான் என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. ‘ராஜா’ பட்டம் பிரிட்டிஷ்காரர் கொடுத்தது, நாடாண்ட குலமன்று. ஆனால் அந்தப் பெயரே பட்டத்தின் மீதேறி வந்ததுதான். விதிவிலக்கு ஒன்றைக் காட்டி உலகத்து அரண்மனைகளுக்கெல்லாம் ‘அரச’ என்று ஒட்டுப்போட வேண்டியதில்லை.

நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. ஆர்ச்சர்ட் ரோட்டில் இருக்கும் இஸ்தானா 1869-இல் கவர்னருக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. இஸ்தானா என்றால் மலாயில் அரண்மனை. வடமொழி ஆஸ்தானத்திலிருந்து போன சொல். நம் ஆஸ்தான வித்வானும் அந்த ஆஸ்தானத்தைச் சேர்ந்தவர்தான். எந்த மன்னரும் குடியிருக்காத அந்த வீட்டைத் தமிழ்ச் செய்தியில் ‘அதிபர் மாளிகை’ என்கிறோம், அரண்மனை என்பதில்லை. பெயர் வைத்தவர்கள் இஸ்தானா என்றார்கள், நாம் பொருள் பார்த்து மாளிகை என்றோம். நல்ல மொழிபெயர்ப்பு அப்படித்தான் இருக்கும். கம்போங் கிளாமில் இருப்பது உண்மையான இஸ்தானா, சுல்தான் குடும்பத்துடையது. 1999 வரை அந்தக் குடும்பத்தின் வழிவந்தவர்கள் வளாகத்தில் குடியிருந்தார்கள். 2005-இல் அது மலாய் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. (ஆசிய நாகரிக அரும்பொருளகம் இருக்கும் இடம் எம்பிரஸ் பிளேஸ். பேலஸ் அன்று. அங்கே பேரரசி யாரும் தங்கவில்லை. கட்டடம் காலனி அரசாங்க அலுவலகமாக இருந்தது.)

‘அரச’வாவது வெறும் கூடுதல் சுமை. ‘முன்னாள்’ பிழை. முன்னாள் என்பது பதவி இறங்கிய ஆளுக்கு உரியது: முன்னாள் அமைச்சர், முன்னாள் தலைமையாசிரியர், முன்னாள் மாணவர். ஆள் அப்படியே இருக்கிறார், பதவி போய்விட்டது. அரண்மனையில் நடந்தது தலைகீழ்: ஆள் போய்விட்டார், அரண்மனை அப்படியே நிற்கிறது. தஞ்சாவூர் அரண்மனையில் 1855-க்குப் பிறகு மராட்டியர் ஆட்சி இல்லை. 1951 முதல் அதற்குள் கலைக்கூடம் இருக்கிறது. திருவெண்காட்டிலிருந்து வந்த 1011-ஆம் ஆண்டு ரிஷபவாகன தேவர் அங்கேதான் நிற்கிறார், சாய்ந்து நிற்க வேண்டிய காளை மட்டும் இல்லாமல். ஊரில் யாராவது ‘முன்னாள் தஞ்சாவூர் அரண்மனை’ என்கிறார்களா? பத்மநாபபுரம் அரண்மனைக்கு முன்னாள் உண்டா? மதுரை ஆட்டோக்காரரிடம் ‘முன்னாள் நாயக்கர் மகாலுக்குப் போகணும்’ என்று சொல்லிப் பார்க்கட்டும்.

இந்தப் பழக்கம் நம்மிடம் தொற்றியதற்கு வேறொரு கட்டடத்தைக் கைகாட்டலாம். சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடம் 2015-இல் திறந்தபோது, ‘முன்னாள் உச்ச நீதிமன்றம், முன்னாள் நகர மண்டபம்’ என்று எங்கும் எழுதினார்கள். அங்கே ‘முன்னாள்’ ஓரளவு பொருந்தும். நீதிமன்றம் ஓர் அமைப்பு. அது எழுந்து பக்கத்துப் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. அப்போதும் ‘பழைய உச்ச நீதிமன்றம்’ என்பதே காதுக்கு இதமான தமிழ். அதை அச்சாக வைத்துக்கொண்டு அரண்மனைக்கும் ஊற்றியதுதான் வினை. ‘முன்னாள்’ வடமொழி மாதிரி இருக்கிறது என்று நினைத்தோ என்னவோ, ‘மேனாள் அரண்மனை’ என்று திருத்துகிற தூய்மைவாதிகளும் இருக்கிறார்கள். முன் + நாள், இரண்டுமே தமிழ்தான் ஐயா. சிக்கல் சொல்லின் குலத்தில் இல்லை, அதை உட்காரவைத்த இடத்தில்.

அரசர் இப்போது இல்லை என்பதை எப்படிச் சொல்வது? வினையில் சொல்லலாம். ‘அரசர் வாழ்ந்த அரண்மனை’ என்ற பெயரெச்சத்திலேயே இறந்தகாலம் இருக்கிறது. ஆங்கிலம் அடைமொழியில் ஏற்றுகிற காலத்தைத் தமிழ் ‘வாழ்ந்த’, ‘ஆண்ட’, ‘இருந்த’ என்று வினையில் ஏற்றும். அடைமொழிக்கு அடைமொழி தேடுகிறவருக்கு இது கண்ணில் படுவதில்லை.

அதோடு, ‘முன்னாள்’ என்ற ஒற்றைச் சொல் லூவ்ரின் வரலாற்றைத் தாங்காது. 1190 வாக்கில் இரண்டாம் பிலிப் கட்டியது கோட்டை; 14-ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் சார்லஸ் அதைக் குடியிருப்பாக்கினார்; 1546-இல் முதலாம் பிரான்சுவா இடித்துக் கட்டத் தொடங்கினார்; 1682-இல் பதினான்காம் லூயி அரசவையை வெர்சாய்க்குக் கொண்டுபோய்விட்டார்; 1793 ஆகஸ்ட் 10 அன்று அரும்பொருளகம் திறந்தது. முதலில் அரண், அப்புறம் மனை: நம் சொல்லை வைத்தே கட்டியதுபோல் இருக்கிறது. மூன்றாம் நெப்போலியன் அறைகள் என்று தங்கமும் சிவப்பு வெல்வெட்டுமாக ஒரு வரிசை உண்டு. அதைப் பார்த்து ‘பேரரசர் தூங்கிய அறை’ என்று படமெடுத்துக்கொள்கிறார்கள். பேரரசர் இருந்தது பக்கத்தில் நின்ற துயிலரி அரண்மனையில். இந்த அறைகள் அமைச்சருக்கும் விருந்துகளுக்கும் என அமைத்தவை. பிறகு 1989 வரை நிதியமைச்சு அந்தப் பக்கத்தில் இயங்கியது. அந்தப் பகுதியை முன்னாள் அரண்மனை என்பதா, முன்னாள் நிதியமைச்சு என்பதா?

‘முன்னாள் அரண்மனை’ என்ற பொருளை நேராகவே பெயரில் வைத்திருப்பவர்கள் சீனர்கள். பெய்ஜிங் அரண்மனை அரும்பொருளகத்தை அவர்கள் கூகொங் என்கிறார்கள்: ‘கொங்’ அரண்மனை, ‘கூ’ முன்பிருந்தது. இங்கே சீன நண்பர்களும் அப்படித்தான் சொல்வார்கள். கடைசிப் பேரரசர் பூயி 1924-இல் வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டு அக்டோபர் 10-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மாளிகைகளும் அரியணையும் நின்ற இடத்திலேயே இருக்கின்றன, அரண்மனையே காட்சிப்பொருள். நுழைவது தெற்கே, நடுப்பகல் வாயில் வழியாக; வெளியேறுவது வடக்கே அல்லது கிழக்கே. திரும்பத் தெற்கே வர வழியில்லை என்பதால், தெற்கு வாயிலில் வண்டியை நிற்கச் சொன்னவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கடப்பிதழ் எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்யாமல் உள்ளே போக முடியாது. திங்கட்கிழமை வழக்கமான விடுமுறை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், குளிர்மாதங்களில் 40. கருவூலக் காட்சிக்கும் கடிகாரக் காட்சிக்கும் தனியாகப் பத்துப் பத்து யுவான். இந்தக் கடைசி விவரத்தைப் பிரசுரம் ‘கூடுதல் கேலரிகள்’ என்று முடித்துவிடும். சீட்டு வாங்காமல் நடந்து போனவர்கள் வாசலிலிருந்து திரும்புவார்கள்.

தைப்பேயில் பெயர் அதே கூகொங், ஆனால் கட்டடம் 1965-இல் அரும்பொருளகத்துக்கென்றே திறந்தது. பெய்ஜிங் அரண்மனையிலிருந்து பெட்டி பெட்டியாக எடுத்துப்போன பொருள்கள் அங்கே இருக்கின்றன. முட்டைக்கோஸ் வடிவில் செதுக்கிய பச்சைக்கல்லைப் பார்க்கத்தான் வரிசை நிற்கும். ‘அரண்மனையில் அமைந்துள்ள’ என்று நம்பிப் போனவர்கள் அரியணை எங்கே என்று தேடுவார்கள். அங்கே வேண்டியது ‘அரண்மனைப் பொருள்களின் அரும்பொருளகம்’. ஒரு வேற்றுமை உருபு மாறினால் ஒரு நாள் பயணத்தின் எதிர்பார்ப்பே மாறிவிடுகிறது.

அருங்காட்சியகமா, அரும்பொருளகமா என்பது தமிழ்நாட்டுக்கும் நமக்கும் உள்ள பங்காளிச் சண்டை. இங்கே அரும்பொருளகம் நிலைத்துவிட்டது. பொருள் இருக்கும் அகம், நேர்ப்பேச்சு. இலங்கையின் நூதனசாலை மட்டும் எப்போதும் புன்னகை தரும். பழையதை வைத்திருக்கும் வீட்டுக்குப் ‘புதுமை’ என்று பெயர். ஓவியமும் சிற்பமும் மட்டும் என்றால் கலைக்கூடம் போதும். ‘கலை அருங்காட்சியகம்’ என்று நீட்டத் தேவையில்லை. அரண்மனைக் கலைக்கூடம் என்ற தொடரும் புதிதன்று. பிட்டியின் ஓவியப் பிரிவு கல்லேரியா பலத்தீனா என்பதற்கு நேர்ப்பொருளே அதுதான். பிரசுரங்கள் அதைப் ‘பாலடைன் கேலரி’ என்று எழுதிவிட்டுப் போகின்றன. பெயரைப் பெயர்த்திருந்தால், அங்கே படங்கள் ஏன் காலவரிசையில் இல்லை, சட்டத்தோடு சட்டம் உரச ஏன் சுவர் முழுக்க மாட்டியிருக்கிறார்கள் என்பது பாதி விளங்கியிருக்கும். பிரபுக்கள் தம் வீட்டில் மாட்டிய முறை அது.

எல்லா ‘கேலரி’யும் கலைக்கூடமும் அன்று. லூவ்ரின் கிராந்த் கலெரி, நான்காம் ஹென்றி லூவ்ர், துயிலரி என்ற தம் இரண்டு அரண்மனைகளையும் இணைக்கக் கட்டிய நீண்ட வழி. அது நடைகூடம். ‘பெரிய கலைக்கூடம்’ என்று போட்டால், வேறொரு கட்டடம் என்று நினைத்து வெளியே போய்த் தேடுவார்கள்.

வெளியே போய்த் தேட வைக்கும் இன்னொரு சொல், ஆங்கில ‘விங்’கை அப்படியே பெயர்த்த ‘இறக்கை’. ‘மோனாலிசா டெனோன் இறக்கையில் உள்ளது.’ கோழிக்கா? ‘பகுதி’ என்றால் என்ன குறைந்துவிடும்? சேன் ஆற்றுப் பக்கம் டெனோன் பகுதி, ரிவோலி தெருப் பக்கம் ரிஷலியூ பகுதி, கிழக்கே சதுர முற்றத்தைச் சூழ்ந்தது சுல்லி பகுதி. கண்ணாடிப் பிரமிடுக்குக் கீழே இறங்கி நின்றால் மூன்றுக்கும் அங்கிருந்தே வழி பிரியும்.

இந்தப் பிரசுரங்கள் ‘முதல் தளம், அறை 711’ என்று எழுதும்போதுதான் சிங்கப்பூர்க்காரர் நிஜமாகவே வழி தவறுகிறார். நம் மின்தூக்கியில் 1 என்றால் தரைத்தளம். லூவ்ரில் தரை 0, மோனாலிசா இருக்கும் 1 அதற்கு மேல். பழைய கோட்டையின் அடித்தளச் சுவர்கள் சுல்லியில் −1. பிரமிடுக்குக் கீழே உள்ள வரவேற்புக் கூடம் −2. ஆக, உள்ளே வந்த இடத்திலிருந்து மூன்று தளம் ஏற வேண்டும். ‘தரைக்கு மேல் ஒரு மாடி’ என்று எழுத இரண்டு சொல் கூடுதலாகும். அந்த இரண்டு சொல்லுக்கு இடமில்லை என்பவர்கள்தான் ‘முன்னாள் அரச’வுக்கு இடம் ஒதுக்குகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை லூவ்ர் மூடியிருக்கும், வெர்சாய்க்குத் திங்கள் விடுமுறை. இதைத் தெரிந்துகொண்டு எல்லாரும் செவ்வாயன்று வெர்சாய்க்குப் படையெடுப்பதால் அன்று அங்கே நெரிசல் தாங்காது. புதன், வெள்ளியில் லூவ்ர் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். அடுத்த பிரசுரத்தில் முதல் வரியை இப்படிப் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் இதையெல்லாம் எழுதலாம்: அரசர் வாழ்ந்த அரண்மனை, இன்று கலைக்கூடம்.